செவ்வாப்பேட்டை ரோடு: ஒரு சிறு ரயில் நிலையம் சொல்லும் கதை



நெல்லுக்கு உரம், நிலக்கடலைக்கு மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இதிலும் நம்ம நிலத்து விஷயம் இருக்கிறது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஏறினால், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டியதும் வருகிற சின்ன நிலையம் செவ்வாப்பேட்டை. அடுத்தது புட்லூர், அதற்கடுத்தது திருவள்ளூர். இங்கே நின்று போவது புறநகர் வண்டிகள்தான். வெளியூர் விரைவு வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் போய்விடும்.

இந்த நிலையத்துக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் 'செவ்வாப்பேட்டை ரோடு'. அது என்ன ரோடு? ஊர் தள்ளி இருக்கிறது, இங்கே இறங்கி சாலை வழியாகப் போக வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்தில் வைத்த அடையாளம் அது. வாலாஜா ரோடு, கொடைக்கானல் ரோடு எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான். கொடைக்கானல் ரோட்டில் இறங்கினவர் மலை ஏறப் பஸ் பிடிக்க வேண்டும், இல்லையா? தண்டவாளம் ஊரைத் தேடி வளைந்து வராது. மேடு பள்ளம் பார்த்து, செலவு குறைந்த நேர் வழியில் போகும். அதைத் தேடி நாம்தான் நடக்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே இதுதான். மதராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் வேலையை ஆரம்பித்து, 1-7-1856 அன்று இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு வரை, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, வண்டி விட்டது. ஆளுநர் ஹாரிஸ் பிரபுவும் ஐரோப்பிய விருந்தினர்களும் முதல் வண்டியில் போனார்கள். அன்றைக்கே இன்னொரு வண்டி நம்மவர்களை ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் வரை வந்தது. மாடு பூட்டி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், நெருப்பைத் தின்று ஓடும் வண்டியை அன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தில் பார்த்தார்கள்.

அந்த நெருப்புக்கு விறகு வேண்டும் அல்லவா? ஆரம்ப காலத்தில் இங்கே ஓடிய என்ஜின்கள் விறகைத்தான் எரித்தன. காடு குறையக் குறைய, சென்னையை ஒட்டிய கடலோர மணல் நிலங்களில் சவுக்குத் தோப்பு பெருகியது. இன்றைக்குப் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் நீங்கள் பார்க்கிற சவுக்குக்கு இப்படியும் ஒரு பழைய கதை உண்டு. ஆக, ரயில் வந்ததும் முதலில் மாறியது நம்ம பயிர்தான்.

பிறகு தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. வங்காளத்திலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்த அரிசியை இதே பாதைதான் உள்மாவட்டங்களுக்குச் சுமந்தது. ரயிலில் மூட்டை வந்தது. ஆனால் வாங்கக் கையில் காசில்லாதவன் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடந்தான். ரயில் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. விலை எங்கே இழுக்கிறதோ அங்கே சரக்கைக் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

1979-ல் சென்னையிலிருந்து திருவள்ளூர் வரை மின்சாரப் பாதை வந்தது. பால் கேன், கீரைக்கட்டு, பூக்கூடை எல்லாம் விடியற்காலை வண்டியில் பட்டணம் போயின. கூடவே நம்ம பிள்ளைகளும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போனார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இப்போது நிலையத்தைக் காட்டி நிலமே விலைபோகிறது. 'ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம்' என்று பலகை நட்டு, சம்பா விளைந்த இடத்தில் மனைக்கல் ஊன்றுகிறார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். ரயில் பாதை மண் கொட்டி உயர்த்திய கரைமேல் ஓடுகிறது. ஏரியின் உபரி நீர் கரைக்கு அந்தப் பக்கம் போக, பாதைக்கு அடியில் சிறு பாலங்கள் விட்டிருக்கிறார்கள். உடைந்தால் பாதையை அரித்துவிடும் என்று தெரிந்த ஏரிகளுக்கு ரயில்வேயில் தனிப் பட்டியலே உண்டு. மழைக்கு முன் ரயில்வே பொறியாளர்களும் மாநில நீர்வளத் துறையினரும் சேர்ந்து அவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. ரயில்வேக்கே நம்ம ஏரிக்கரைமேல் அவ்வளவு அக்கறை!

இந்தப் பக்கத்தில் ஒரு ஊரில் நான் கண்ணால் பார்த்தேன். கதிர் பிடித்த நெல் நாலு நாளாகத் தண்ணீரில் கிடந்தது. "சார், எங்க அப்பா காலத்துல இங்க ஒரு சொட்டு நிக்காது" என்றார் பெரியவர். நடந்து போய்ப் பார்த்தோம். ரயில் கரைக்குக் கீழே பாலம் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்காலை மனைக்காக மண் கொட்டி மூடிவிட்டார்கள். விற்றவர் யார் தெரியுமா? அந்தப் பெரியவரின் பங்காளி. காசு அவருக்கு, வெள்ளம் இவருக்கு.

அதனால் நிலத்தை விற்பதானாலும் பக்கத்து நிலம் விலைபோனாலும், ஒரு காரியம் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் கேட்டுப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று நேரில் நடந்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து வட்டாட்சியருக்கு எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்யுங்கள். தண்ணீர் நின்ற பிறகு ஓடிப் பயனில்லை.

விற்காமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலையம் பக்கத்தில் இருப்பது உங்கள் மனைக்கு மட்டுமல்ல, உங்கள் விளைச்சலுக்கும் மதிப்புதான். கீரையும் பூவும் ஆளுக்கொரு கட்டாகக் கொண்டுபோகாமல், பத்துப் பேர் சேர்ந்து ஒருவரிடம் அனுப்பினால் பயணக்கூலி மிச்சம், விலை பேசவும் தெம்பு.

அந்தக் காலத்தில் தண்டவாளம் போட்டவன்கூடத் தண்ணீருக்கு வழி விட்டுத்தான் போட்டான். நம்ம காலத்தில் நாம் அதை அடைக்கலாமா? யோசித்துப் பாருங்கள்.