யுவான் சுவாங்கின் காஞ்சிக் குறிப்பு

சீன பௌத்தத் துறவி யுவான் சுவாங் (602–664) ஏறத்தாழ 640இல், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில், காஞ்சிபுரம் வந்து அறிந்து, பின்னர் கூறிய செய்திகள் இவை. நாடு திரும்பியபின் தாங் பேரரசர் தைசோங்கின் விருப்பப்படி அவர் சொல்ல, சீடர் பியான்ஜி தொகுத்த பயண நூல் 646இல் நிறைவுற்றது. அதன் பத்தாம் பகுதியில் திராவிட நாடும் அதன் தலைநகர் காஞ்சியும் இடம்பெறுகின்றன.

நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், பதினாயிரம் துறவிகள், ஏறக்குறைய 80 தேவர் கோயில்கள், சமணர் பலர் என்கிறது குறிப்பு. துறவிகள் தேரவாத மரபினர். மக்களின் நேர்மையையும் கல்விப் பற்றையும் அது புகழ்கிறது. நாலந்தாவின் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊரும் காஞ்சியே என்கிறது. இலங்கை செல்ல எண்ணியிருந்த யுவான் சுவாங், அங்கு மன்னர் இறந்து பஞ்சம் நிலவுவதை அங்கிருந்து காஞ்சிக்கு வந்த துறவிகளிடம் அறிந்து பயணத்தைக் கைவிட்டார்.

பிற துறவியர் நூல்களோடு ஒப்பிட்டால் இக்குறிப்பின் குறை தெரியும். இங்கிலாந்தில் பீட் 731இல் முடித்த திருச்சபை வரலாறும், இலங்கையின் மகாவம்சமும் துறவிகள் எழுதியவையே. அவை மன்னர்களை வரிசைப்படுத்துகின்றன. யுவான் சுவாங்கோ பல்லவ மன்னன் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. வரலாற்றாளருக்கு இது பேரிழப்பு. பௌத்தம் பற்றிய எண்ணிக்கைகளையும் அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் காஞ்சியில் பௌத்தம் செழித்ததற்கு பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அங்கத நாடகம் துணைச் சான்று. மற்றொரு சான்றான, காஞ்சிக் காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த புத்தர் சிலை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.