பச்சைப் பால் எளிதில் ஜீரணமாகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் காலையில் இரண்டு விதமாகப் பால் வருகிறது. கடையில் ஆவின் பாக்கெட். வாசலில், பக்கத்துக் கிராமத்திலிருந்து பைக்கில் கேன் கட்டிக்கொண்டு வரும் பால்காரர். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பழவேற்காடு பக்கம் சொந்தமாக மாடோ வெள்ளாடோ வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கறந்த சூட்டிலேயே குடித்தால் உடம்புக்கு நல்லது, எளிதில் ஜீரணமாகும், காய்ச்சினால் சத்து போய்விடும் என்ற பேச்சு இங்கெல்லாம் பழையது. இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது.

நம்மில் சிலர் இதற்கு மார்க்க ஆதாரமும் காட்டுகிறார்கள். கால்நடைகளின் வயிற்றிலிருந்து தூய்மையான, அருந்துவோருக்கு இனிமையான பாலைத் தருவதாக அல்லாஹ் சொல்கிறான் (அல்குர்ஆன் 16:66). பிறகு ஏன் காய்ச்ச வேண்டும் என்பது கேள்வி. அந்த வசனம் அல்லாஹ்வின் வல்லமைக்கு அத்தாட்சியாகப் பாலைக் காட்டுகிறது. காய்ச்சக் கூடாது என்று அதில் எதுவும் இல்லை. மடியிலிருந்து வந்த பிறகு பாலுக்கு என்ன நேர்கிறது என்பது வேறு விஷயம். அபூ ஹுமைத் (ரலி) அவர்கள் நகீஉ என்ற இடத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் பால் கொண்டுவந்தபோது, அதை மூடிக் கொண்டுவந்திருக்கக் கூடாதா, ஒரு குச்சியையாவது குறுக்கே வைத்திருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அன்று கறந்த இடத்திலேயே குடித்தார்கள் என்பது உண்மைதான். நம் வீட்டுக்கு வரும் பாலோ, பல மாடுகளின் பால் ஒரே கேனில் கலந்து, சித்திரை வெயிலில் மணிக்கணக்கில் சுற்றி வருகிறது.

ஜீரண விஷயத்துக்கு வருவோம். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி நம் சிறுகுடலில் சுரக்கிறது. குழந்தைப் பருவம் கடந்ததும் பலருக்கு இது குறைந்துவிடும். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இக்குறை அதிகம். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் புளிக்கிறது. அதனால்தான் பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்புகிறது, இரைகிறது, சிலருக்குப் பேதியாகிறது.

பச்சைப் பாலில் இந்த நொதி இருக்கிறது, காய்ச்சும்போது அழிகிறது என்பதுதான் பரவும் வாதம். பசுவின் பாலில் லாக்டேஸ் கிடையாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பால் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்குப் பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப் பாலால் ஜீரணம் மேம்படவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிரும் மோரும்தான் வழி; உறை ஊற்றும்போது லாக்டோஸின் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. காய்ச்சுவதால் புரதமும் கால்சியமும் குறைவதில்லை. சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பச்சைப் பாலின் உண்மையான ஆபத்து கிருமித் தொற்று. சாணம், கறப்பவர் கை, கழுவாத கேன், மாட்டின் மடிநோய் என எதிலிருந்தும் சால்மோனெல்லா, ஈ-கோலை, கேம்பைலோபாக்டர் போன்றவை பாலில் சேரும். இவற்றால் வரும் வயிற்றுப்போக்கு லாக்டோஸ் தொல்லைபோல் சில மணி நேரத்தில் அடங்காது. காய்ச்சல் வரும், மலத்தில் ரத்தம் வரலாம். மாட்டுக் காசநோயும் பால் வழியே பரவும்.

ஆடு, மாடு வளர்க்கும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது புருசெல்லா. மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஓயாத காய்ச்சலால் அவதிப்பட்டனர். டேவிட் புரூஸ் 1887இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது வெள்ளாட்டுப் பாலில் வருகிறது என்று தெமிஸ்டோகிளிஸ் ஸம்மித் என்ற மருத்துவர் 1905இல் காட்டினார். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தியதும் நோய் சரிந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி ஆகியவை இதன் அறிகுறிகள். குடித்துச் சில வாரங்கள் கழித்து வருவதால் பாலை யாரும் சந்தேகிப்பதில்லை. டைபாய்டு என்றே நினைத்துவிடுவார்கள். ஆகவே நீண்ட காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் கால்நடை இருப்பதையும் பச்சைப் பால் குடித்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இன்னோர் ஆபத்து லிஸ்டீரியா. அது கருச்சிதைவு வரை கொண்டுபோகும்.

72 டிகிரி வெப்பத்தில் 15 விநாடி வைத்தாலே இக்கிருமிகள் சாகின்றன. பாக்கெட் பாலைப் பதப்படுத்துவது இப்படித்தான். கேன் பால் என்றால் வாங்கியவுடன், கிளறிவிட்டு, நன்றாகப் பொங்கும்வரை காய்ச்சி மூடி வையுங்கள். மத்தியானம் காய்ச்சிக்கொள்ளலாம் என்று வெளியில் வைக்காதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அதற்குள் விஷத்தைக் கக்கிவிட்டால், பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு ரோஸ்மில்க் கலக்கும்போதும் கேன் பாலாக இருந்தால் காய்ச்சி ஆறவைத்தே கலக்க வேண்டும். சீம்பாலை அவித்துச் சாப்பிடுகிற நாம், மற்றப் பாலை மட்டும் பச்சையாகக் குடிப்பானேன்?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலோ ஆட்டுப் பாலோ, காய்ச்சியதாக இருந்தாலும், வேண்டாம். மாடு வளர்ப்பவர்கள் 4 முதல் 8 மாதத்துக்குள் உள்ள கிடாரிக் கன்றுகளுக்கு புருசெல்லா தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். ஒரு தடவை போட்டால் போதும்.