துணிப்பையும் வாலிபரும்

வாலிபரைத் திருத்துவதற்கு உபதேசம் ஒன்றே போதுமென நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்துமென்பதைப் பினாங்கின் சமீப காலச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-ஆம் ஆண்டில் தோன்றியது. நெடுங்காலம் அதன் தலைவராய் விளங்கி 2019-இல் காலமான எஸ். எம். முகமது இத்ரீஸ் தமிழ்நாட்டிற் பிறந்தவர். பொருளின் விலையை மட்டுமன்றி, உடலுக்கும் நிலத்துக்கும் நீருக்கும் அது விளைக்கும் தீங்கையும் விசாரித்தே வாங்க வேண்டுமென்று அச்சங்கம் இடைவிடாது பிரசாரம் செய்தது. ஆகவே, வாலிபர்க்கு எடுத்துச் சொல்வாரில்லை என்று கூறவியலாது.

நிற்க, அறிவு பெற்ற வாலிபர் அதன்படி நடந்தனரா? நம் அனுபவத்தையே கூறுவோம். இன்று தோட்டத்தில் கணக்கெழுதும் நாம் அன்று ஆங்கிலப் பள்ளி மாணவர். பிளாஸ்டிக்கின் தீமையைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டும் பெற்றோம். ஆயினும், சௌராஸ்தா சந்தைக்குப் போகையில் அன்னையார் கொடுத்த துணிப்பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டோம். அது வறுமையின் அடையாளமென்று நாணியதே காரணம்.

2009-ஆம் ஆண்டு ஜூலையில், திங்கட்கிழமைகளில் பிளாஸ்டிக் பை இலவசமில்லை என்னும் ஏற்பாட்டைப் பினாங்கு மாநில அரசாங்கம் தொடங்கியது. 2010-இல் அது வாரத்துக்கு 3 நாட்களாயிற்று. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாட்களுக்கும் விரிந்தது. பை வேண்டுவோர் அன்று 20 சென் கொடுக்கவேண்டியிருந்தது. இது பெருந்தொகையன்று. ஆனால், டாக்டர் கையிலும் துணிப்பை, தோட்டத் தொழிலாளி கையிலும் துணிப்பை என்றானபின் நாணத்துக்கு இடமேது? பாட்டியின் கையில் பட்டிக்காடாய்த் தோன்றிய பை பேரன் தோளில் நாகரிகமாயிற்று.

இஃது உலகிற்குப் புதிதன்று. 1921-இல் அந்நியத் துணியை விலக்கி முரட்டுக் கதரை உடுத்திய இந்திய வாலிபர், அதன் நயத்தைக் கண்டா உடுத்தினர்? அதனை உடுத்துவோர்க்கு மதிப்புண்டாயிற்று; ஆதலின் உடுத்தினர்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. துணிப்பை செலவை மிச்சப்படுத்துவது. இரசாயனமின்றி விளைந்த அரிசியோ விலை மிகுந்தது. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் தோட்டத்து இளைஞன் மலிவான அரிசியை வாங்கினால், அவனுக்கு அக்கறையில்லை என்று பழிப்பது நியாயமா? நல்ல பொருள் அவன் கைக்கெட்டும் விலைக்கு வரவேண்டும்.

பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. கலியாண வீட்டில் பிளாஸ்டிக் தட்டில் விருந்திட்டுவிட்டு வாலிபரைக் குறை கூறுதல் அழகன்று. வாழையிலைக்கும் எவர்சில்வர் குவளைக்கும் முதலில் நாம் திரும்புவோம். பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் பந்தியைக் கண்டே கற்பர்.