நிழல் விழாத நோய்

நோயாளியிடம் மருத்துவர் முதலில் கேட்பது, ‘உடம்புக்கு என்ன செய்கிறது?’ என்பதே. கால்நடை மருத்துவருக்கு அந்த வினாவைக் கேட்கும் வாய்ப்பே இல்லை. இரக்கத்தோடு நாம் சொல்லும் ‘வாயில்லாச் சீவன்’ என்ற தொடர், நோயறிதலின் அடிப்படைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறது. மொழியியல் பயின்ற எனக்கு, விலங்குடலைப் படமெடுக்கும் கலையின் வரலாறு அந்தச் சொல்லின்மையை ஈடுசெய்யும் முயற்சியாகவே தோன்றுகிறது.

1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே பெர்லினில் ரிச்சர்ட் எபர்லைன் குதிரையின் காலடியைப் படமெடுத்தார். எலும்பும் உலோகமும் கதிரைத் தடுப்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஒல்லியான கால் அதற்கு எளிதில் வசப்பட்டது. மாட்டின் பருத்த வயிறு எளிதில் வசப்படவில்லை.

மாடு தீவனத்தை நன்கு மெல்லாமலே விழுங்கும். அதனுடன் போகும் ஆணியும் கம்பியும் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம்தான் திரை. ஆணி அதைத் துளைத்தால் இதய உறையில் சீழ் கோக்கும். இதை அறிய, மாட்டின் மார்புக்கடியில் கழியைக் கொடுத்து இருபுறமும் இருவர் தூக்குவர். மாடு முனகினால் ஐயம் வலுக்கும்.

அடுத்து வந்தது அல்ட்ராசவுண்ட். மீயொலி திசுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியே அங்கே படமாகிறது. 1980இல் பிரான்சு நாட்டின் பால்மர், திரியாங்கூர் இருவரும் குதிரைகளில் இதனைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டனர். இன்று பசுவின் சினையை ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே காணலாம்; இதய உறையில் கோத்த நீரையும் காணலாம்.

பெங்களூரு ஹெப்பாளில் 1958இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்தியக் கல்லூரிகளில் அறுவை மருத்துவமும் கதிரியலும் ஒரே துறையாக இருப்பது வழக்கம். படம் காட்டுவதைக் கத்தி திருத்தும் என்பது அந்த இணைப்பின் பொருள். ஆனால் இந்நகர வீதிகளில் திரியும் மாடுகளிடம் அவ்வரிசை தலைகீழாகிறது. முடிச்சிட்டு எறிந்த எச்சில் சோற்றை அவை பையோடு விழுங்குகின்றன. பிளாஸ்டிக் எக்ஸ் கதிரைத் தடுக்காது. ஆகவே நிழல் விழாது. மீயொலியோ இரைப்பையிலுள்ள வாயுவைத் தாண்டாது. பெரும்பாலும் வயிற்றைத் திறந்த பிறகே பை தெரிகிறது.

கர்நாடக அரசு 2016இல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்தது. வீதியில் பைகள் இன்னும் கிடக்கின்றன. இரும்பு விழுங்கிய மாட்டுக்குக் கருவி சாட்சி சொல்லும். பை விழுங்கிய மாட்டுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. வீசியவருக்கே அது தெரியும்.