செண்பகத் தோப்பு

செண்பகத் தோப்பு என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள ஒரு பகுதியாகும். மலையிலிருந்து இறங்கும் காட்டோடையும், அதனை ஒட்டிய மா, தென்னை, புளியந்தோப்புகளும், அவற்றுக்கு மேலே தொடங்கும் காப்புக்காடும் சேர்ந்ததே இப்பகுதி. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களில் இருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இடமாதலால் உள்ளூர் மக்கள் பலர் இங்கு வருகின்றனர். அருகி வரும் விலங்கான சாம்பல் நிற மலை அணிலின் வாழிடம் என்பதால் இவ்விடம் உயிரியல் நோக்கிலும் முக்கியத்துவம் உடையது.

பெயர்

செண்பக மரங்கள் நிறைந்த தோப்பு என்பது இப்பெயரின் பொருள். செண்பகம் மணமுள்ள மலர்களைத் தரும் மரமாகும். இதன் மலர்கள் கோயில் வழிபாட்டில் பயன்படுகின்றன. இன்று இங்குள்ள தோப்புகளில் பெரும்பான்மையாகக் காணப்படுபவை மாவும் தென்னையும் புளியுமே ஆகும்.

அமைவிடமும் நீர்வளமும்

இப்பகுதி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று தனது மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே பொழிந்துவிடுகிறது. எனவே இங்குள்ள ஓடைகள் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. கோடையில் அவை வறண்டுவிடுவதும் உண்டு. இம்மலைகளில் தோன்றும் ஓடைகளும் ஆறுகளும் கண்மாய்களை நிரப்பி வைப்பாற்றுப் படுகையைச் சேர்கின்றன. இராசபாளையம் நகரின் குடிநீருக்கு உதவும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இதே மலைத்தொடரின் நீரையே பெறுகிறது.

மலையடிவாரத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு உள்ளது. தேன் முதலிய காட்டுப் பொருட்களைச் சேகரிப்பது இவர்களது மரபுவழித் தொழிலாகும். காட்டுக்குள் காட்டழகர் கோயில் எனப்படும் சுந்தரராசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. மீன்வெட்டிப் பாறை அருவியும் இப்பகுதியிலேயே உள்ளது.

சரணாலயமும் புலிகள் காப்பகமும்

சாம்பல் நிற மலை அணிலைப் பாதுகாக்கும் பொருட்டு 1988 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 485 சதுர கி.மீ. பரப்பில் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் தேனி மாவட்டத்தின் மேகமலை வனவிலங்கு சரணாலயமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும். யானை, சிறுத்தை, வரையாடு, கடமான் முதலிய விலங்குகளும் இங்கு வாழ்கின்றன.

அணிலும் தோப்புகளும்

சாம்பல் நிற மலை அணில் (நரை அணில்) தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுகிறது. வீட்டருகே காணப்படும் மூவரி அணிலைவிட இது பன்மடங்கு பெரியது. முழுவளர்ச்சி அடைந்த அணில் ஒன்றரை கிலோகிராமுக்கும் மேல் எடை கொண்டிருக்கலாம். இது பெரும்பாலும் தரைக்கு இறங்குவதில்லை. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே இடம்பெயர்கிறது. இலைகளாலும் சுள்ளிகளாலும் கூடு கட்டுகிறது. சுற்றியுள்ள மரங்களின் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் மரங்களையே கூடு கட்டத் தேர்ந்தெடுக்கிறது. ஆபத்து நேரும்போது பல திசைகளில் தப்பிச் செல்ல இது வழிசெய்கிறது.

இதனால் இந்த அணிலுக்கு மரங்களின் எண்ணிக்கையைப் போலவே அவற்றின் தொடர்ச்சியும் இன்றியமையாதது. ஓடைக்கரையில் ஒரு பெரிய மரம் வெட்டப்பட்டால், அந்த இடைவெளிக்கு இரு பக்கமும் உள்ள அணில்கள் பிரிக்கப்படக்கூடும். செண்பகத் தோப்பில் காட்டின் எல்லையை ஒட்டித் தனியார் மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் இருப்பதால், அணில்கள் அவற்றையும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பயன்படுத்துகின்றன. அதாவது இவ்விலங்கின் வாழ்வு வனத்துறையின் நிலத்தோடு முடிந்துவிடுவதில்லை. உழவர்களின் பட்டா நிலத்தையும் சார்ந்துள்ளது. காய்களை அணில் தின்பதும், யானைகள் தென்னையைச் சாய்ப்பதும் தோப்பு உரிமையாளர்களுக்கு இழப்பாகும். பழைய மாமரங்களையும் புளிய மரங்களையும் வெட்டாமல் வைத்திருப்பது அவர்களுக்கு இலாபமாக இருக்கும் வரையில்தான் அணிலுக்கும் இத்தோப்புகளில் இடமிருக்கும்.

ஜே. ஜோஷுவா, ஏ. ஜே. டி. ஜான்சிங் ஆகியோர் இவ்விலங்கின் மீதும் அதன் வாழிடத்தின் மீதும் மனித இடையூறுகள் ஏற்படுத்தும் தாக்கத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை 1994 இல் வெளியிட்டனர்.

ஒரு நாள் பயணம்

திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் திருமங்கலம்-கொல்லம் தேசிய நெடுஞ்சாலையிலும் விருதுநகர்-தென்காசி தொடர்வண்டிப் பாதையிலும் அமைந்துள்ளன. மதுரையிலிருந்து பேருந்து வசதி உண்டு. திருவில்லிபுத்தூரில் இருந்து செண்பகத் தோப்புக்கு ஆட்டோவிலோ சொந்த வாகனத்திலோ செல்லலாம்.

அணில்கள் காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் மிகுதியாக நடமாடுகின்றன. நண்பகல் வெயிலில் அவை ஓய்வெடுக்கும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு முதலில் தோப்புப் பகுதியைக் காண்பது நல்லது. அணிலைக் காண விரும்புவோர் கூடுகளைத் தேடி அலைவதைவிட, காய்த்த மரத்தின் அருகே ஓசையின்றிக் காத்திருப்பது பயன்தரும். தோப்புகள் தனியார் உடைமை என்பதால் உரிமையாளரின் இசைவின்றி உள்ளே நுழைவதும் காய்களைப் பறிப்பதும் கூடாது. வனத்துறையின் சோதனைச் சாவடிக்கு அப்பால் செல்ல அனுமதி பெற வேண்டும். காட்டுத்தீ அபாயமுள்ள கோடைக் காலத்திலும் கனமழைக் காலத்திலும் அனுமதி நிறுத்தப்படுவது உண்டு என்பதால், புறப்படும் முன்னரே திருவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. நெகிழிப் பொருட்களைக் கொண்டு செல்லலாகாது.

நண்பகலில் நகருக்குத் திரும்பி உணவருந்தலாம். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும். இக்கோயில் வளாகத்தில் பெரியாழ்வாரின் நந்தவனம் உள்ளது. இங்குத் துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்தார் என்பது மரபு. ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் இன்றும் அனுப்பப்படுகிறது. காலையில் காட்டோரத் தோப்பையும் மாலையில் இந்த நந்தவனத்தையும் காண்போர், காய்க்காக வளர்க்கும் தோப்பு, பூவுக்காக வளர்க்கும் தோட்டம் என்னும் இரு மரபுகளை ஒரே நாளில் ஒப்பிடலாம். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கலாம்.

இராசபாளையத்தில் தங்குவோர் அந்நகருக்கு மேற்கே உள்ள அய்யனார் கோயில் பகுதிக்கும் செல்வதுண்டு. ஆயினும் இரு மலையடிவாரங்களையும் ஒரே நாளில் காண முயன்றால் இரண்டிலும் அவசரமே மிஞ்சும். சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகிய மாம்பழ வகைகள் இராசபாளையத்தின் சிறப்புகளாகும். அவற்றை விரும்புவோர் கோடைக் காலத்தில் வர வேண்டும். ஓடையில் நீரைக் காண விரும்புவோருக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்வரும் வாரங்கள் ஏற்றவை.

காட்டாற்று வெள்ளம்

இப்பகுதியின் ஓடைகள் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. மலையுச்சியில் பெய்யும் மழை சிறிது நேரத்திலேயே அடிவாரத்தை வந்தடையும். அடிவாரத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதும் வெள்ளம் வரக்கூடும் என்பதே இதன் ஆபத்தாகும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை வெள்ளத்தின் அறிகுறிகள். இவற்றுள் எதைக் கண்டாலும் உடைமைகளை எடுக்கத் தாமதிக்காமல் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்ல வேண்டும். ஓடையைக் கடந்து மறுகரைக்குச் சென்றவர்கள், வெள்ளம் வந்தபின் திரும்பக் கடக்க முயலாமல் நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும். 2015 மே மாதத்தில், இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். மலையில் மேகம் திரண்டிருக்கும் நாளில் ஓடையில் இறங்காமல் தோப்புப் பாதையோடு பயணத்தை நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

சாம்பல் நிற மலை அணில்
திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில்
சதுரகிரி
வைப்பாறு