வியாகுலப் பிரசங்கம்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் கோயிலிற் பூசை இலத்தீனில் நடைபெறும். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று செபிப்பார். அம்மம்மாவுக்கு ஒரு வசனமும் விளங்காது; செபமாலையை உருட்டியபடி முழந்தாளிட்டிருப்பார். ஆனால் தபசுகாலத்தில் 'வியாகுலப் பிரசங்கம்' இராகத்தோடு வாசிக்கப்படும்போது சேலைத் தலைப்பால் கண்களைத் துடைப்பார். அது தமிழ்.

அதை இயற்றியவரோ தமிழரல்லர். கோவாவில் 1676இற் பிறந்து, 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம் அது. 2015இல் புனிதராக உயர்த்தப்பட்ட யோசவ்வாஸ் அடிகளாரும் 1687இல் மாறுவேடத்திலேயே யாழ்ப்பாணம் வந்தார். குருவானவர் இல்லாத ஊரில் விசுவாசத்தைக் காப்பது எது? தாய்மொழியில் ஒரு நூல். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிவைத்து, 1742இற் போலவத்தையில் மறைந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டிலே தாய்மொழிக்கு இடமளித்தது. பின்னர் பூசை தமிழாயிற்று, மகிழ்ந்தோம். ஆயினும், பீடத்திற் தமிழ் ஏறியபின், பீடத்தின் கீழே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எம்மை அழவைத்த தமிழை மறக்கத் தொடங்கினோம் என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் கோயிலில் அந்த இராகம் தெரிந்த முதியவர் இன்று ஒருவரே. சென்ற தபசுகாலத்தில் என் பேரனை அவரருகே இருத்தினேன். முதல் வரியிலேயே அவன் தடுக்கினான். பெரியவர் திருத்தினார், மீண்டும் வாசித்தான். அம்மம்மாவின் சேலைத் தலைப்பு என் நினைவுக்கு வந்தது.