வீட்டுத் தறியும் நாட்டுச் சட்டமும்

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யப்படும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணியைப் பழமை மாறாத கைத்தொழில் என்று போற்றுவது வழக்கம். அதன் வரலாற்றைப் பார்த்தால் மாறாதது என்று சொல்ல அதிகமில்லை. நூற்பு மாறியது, தறி மாறியது, சாயம் மாறியது. யார் நெய்வது, எங்கே நெய்வது என்ற இரண்டை மட்டும் தீவினர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதமே தொழிலைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

கேலிக் மொழியில் 'க்ளோ மோர்' எனப்பட்ட தடித்த துணியைத் தீவினர் தங்கள் உடுப்புக்காகவே நெடுங்காலமாக நெய்துவந்தனர். பாறையில் படரும் லைக்கனைச் சுரண்டி, கம்பளியோடு கொதிக்கவைத்துச் செம்பழுப்பு நிறம் ஏற்றினர். நெய்த துணியை நாட்பட்ட சிறுநீரில் ஊறவைத்து, பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, பாட்டின் தாளத்துக்கு அடித்து அடித்து இறுக்கினர். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து தீவுகள் பட்டினியில் தவித்தபோது, ஹாரிஸ் தீவின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த டன்மோர் சீமாட்டி கேத்தரின் தம் பணியாளர்களின் உடைக்கு இத்துணியை நெய்யச் சொன்னார். பிறகு தம் வட்டத்துப் பிரபுக்களையும் வாங்கவைத்தார். இதனால் ட்வீட் மரபே மேட்டுக்குடியினர் உண்டாக்கியது என்று வாதிடுவோர் உண்டு. குலத்துக்கொரு கட்டம் என்று பேசப்படும் டார்ட்டனைப் பற்றி அப்படிச் சொன்னால் பெருமளவு ஒப்புக்கொள்ளலாம். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்ற பட்டியல்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானவை. ட்வீடுக்கு அது பொருந்தாது. சீமாட்டி தந்தது சந்தை. நெசவு முன்பே அங்கே இருந்தது.

சந்தை வந்ததும் போலிகளும் வந்தன. 1909இல் ஹாரிஸ் ட்வீட் சங்கம் அமைந்தது. 1911 முதல் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை துணியில் பதிக்கப்பட்டது. கையால் நூற்ற நூலுக்கே முதலில் அந்த உரிமை இருந்தது. 1934இல் தீவு ஆலைகளில் நூற்ற நூலுக்கும் இடம் கொடுத்தார்கள். கைநூற்பு போனபின் இது எப்படிக் கைத்தொழிலாகும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கையால் நூற்று ஒரு தறிக்குத் தீனி போட எத்தனை பேரின் உழைப்பு வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும். நூற்பை ஆலைக்கு விட்டதால்தான் தறிகள் வீட்டோடு நிலைத்தன. உற்பத்தி பல மடங்கு பெருகி, உச்சத்தை எட்டிய 1966இல் 70 லட்சம் கெஜத்தைத் தாண்டியது. அதற்கு இரண்டாண்டு முன்பு இன்னொரு எல்லைத் தகராறும் தீர்ந்திருந்தது. பெருநிலப்பரப்பில் நூற்ற நூலைக் கொண்டுவந்து நெய்தவர்கள் அதே பெயரில் விற்கும் உரிமை கேட்டபோது, எல்லா வேலையும் தீவுகளிலேயே நடக்க வேண்டும் என்று 1964இல் நீதிபதி ஹன்டர் தீர்ப்பளித்தார். 1993இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தது: புதுக் கம்பளி தீவில் சாயமேற்றப்பட்டு, தீவில் நூற்கப்பட்டு, தீவினரின் வீட்டில் கைத்தறியில் நெய்யப்பட வேண்டும். கம்பளியை நூற்பதற்கு முன்பே சாயமேற்றிக் கலப்பதால், தூரத்தில் வெறும் பழுப்பாகத் தெரியும் நூலைக் கண்ணருகே பிடித்தால் பச்சையும் மஞ்சளும் நீலமும் இழை இழையாகத் தெரியும். இன்றைய தறி இரும்புத் தறிதான்; ஆனாலும் அதை ஓட்டுவது நெசவாளரின் கால்மிதி, மின்மோட்டார் அல்ல.

சட்டம் பெயரைக் காத்தது, நெசவாளரின் கூலியைக் காக்கவில்லை என்பது கைநூற்பு பற்றிய கேள்வியைவிட வலுவான மறுப்பு. பாவும் ஊடையும் ஆலையிலிருந்து வருகின்றன. ஆலை நூல் தராவிட்டால் தறி நிற்கும். 2006இல் தீவுகளின் ஸ்டோர்னவே ஊரிலிருந்த பெரிய ஆலை கைமாறியதும் ஆயிரக்கணக்கான வடிவங்கள் நான்காகச் சுருக்கப்பட்டன. பலருடைய தறிகள் ஓய்ந்தன. இந்தக் குறையை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த உரிமையாளரால் நெசவை வேறு ஊருக்குப் பெயர்த்துச் செல்ல முடியவில்லை. தறியும் கைத்திறனும் தீவின் வீடுகளில் இருந்ததால், மறு ஆண்டே ஷாபோஸ்ட் ஆலை திறக்கப்பட்டபோது அதற்கு நெய்துதர ஆட்கள் அங்கேயே இருந்தார்கள்.

அந்தத் தீவுகளுக்குப் போகிறவர்கள் கடையோடு திரும்பிவிட வேண்டாம். வீட்டுக் கொட்டகையில் தறி போட்டிருப்பவர் விற்பனையும் செய்தால் அவரிடமே வாங்குங்கள். வாங்குமுன் துணியைத் திருப்பி, பின்புறத்தில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.